மலையேறினால் டென்ஷன் இறங்குமா?

ஆபீஸில் கோபித்துக்கொண்டு மலைக்குப் போன முதல் ஆசாமி யார் தெரியுமா? சாட்சாத் பழனி முருகன்தான்.

கேஸை யோசித்துப் பாருங்கள். மேலிடம் ஒரு டார்கெட் கொடுத்தது. உலகத்தை முதலில் சுற்றி வருகிறவனுக்கு மாம்பழம். பையன் நம்பினான். மயில் மேல் ஏறி நிஜமாகவே டூர் அடித்தான். டி.ஏ. பில்கூடப் போடவில்லை. வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தால், ஹெட் ஆபீஸை விட்டு நகராத அண்ணன், அப்பா அம்மாவை ஒரே ஒரு ரவுண்டு வந்து பழத்தை வாங்கி முடித்திருந்தார். (இன்கிரிமென்ட் லெட்டர் கைக்கு வரும் நாளில் ஃபீல்டு ஆசாமிகள் பலருக்கும் இந்த வயிற்றெரிச்சல் வருவதுண்டு.) முருகன் நகைநட்டெல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் கோவணத்தோடு மலையேறிவிட்டார். அதைவிடத் தெளிவான ராஜினாமாக் கடிதத்தை யாரும் இதுவரை எழுதவில்லை.

நாம் எல்லோரும் இந்தக் கதையில் பழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குப் பிடித்தது அடுத்த காட்சி. மேலிடம் என்ன செய்தது? 'டியூட்டியில் இல்லாததற்கு 24 மணி நேரத்தில் விளக்கம் தரவும்' என்று மெமோ அனுப்பவில்லை. 'உனக்கு டென்ஷன் அதிகம், போய் மூச்சுப் பயிற்சி செய்' என்று சொல்லவில்லை. அம்மையும் அப்பனும் கயிலாயத்திலிருந்து கிளம்பி, பையன் கோபித்துக்கொண்டு நின்ற இடத்துக்கே வந்தார்கள். 'நீயேதான்டா பழம்' என்றார்கள். பையன் இறங்கி வரவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அதிகாரி படியேறி வந்தார், பாருங்கள். இன்றைய கணக்குக்கு 693 படி!

இதைத்தான் இப்போது கோட் சூட் போட்டவர்கள் 'மைண்ட்ஃபுல் லீடர்ஷிப்' என்ற பெயரில், பிளேட் சாப்பாட்டோடு சேர்த்து, தலைக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். வியாபாரம் அதிகமாக நடக்கும் இடங்களில் ஒன்று கொடைக்கானல்.

* * *

பழனியிலிருந்து அதே மலைத்தொடரில் சுமார் 65 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் கொடைக்கானல். ஊரே டென்ஷன் தாங்காமல் உண்டான ஊர்தான். மதுரையில் வெயிலுக்கும் நோய்க்கும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள், 1845-ல் இங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். பின்னாலேயே வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச், 1863-ல் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். நாம் இன்று பெடல் போட்டில் மூச்சு வாங்குவது அவர் புண்ணியம்.

அப்போது மோட்டார் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையில் துரைகளும் துரைசானிகளும் குதிரையில் வருவார்கள். முடியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தோளில் தூக்கி வருவார்கள். ஏழாயிரம் அடி உயரம். மேலே போகப் போகத் துரைக்கு நாடித்துடிப்பு இறங்கும். நாற்காலி தூக்கியவருக்கு ஏறும்.

டென்ஷனின் அடிப்படை விதி இதுதான் என்பது என் தீர்மானம். அது மறைவதில்லை, ஆள் மாறுகிறது. எம்.டி. ஜி.எம்.மிடம் கொடுக்கிறார். ஜி.எம். மானேஜரிடம் கொடுக்கிறார். மானேஜர் உங்களிடம் கொடுக்கிறார். நீங்கள் வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று கத்துகிறீர்கள்.

இது வெறும் பேச்சில்லை. லண்டனில் 1967-ல் ஆரம்பித்து அரசு ஊழியர்கள் சுமார் 18,000 ஆண்களை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். 'வைட்ஹால் ஆய்வு' என்று பெயர். மைக்கேல் மார்மட் என்ற டாக்டரோடு சேர்த்துச் சொல்வார்கள். 'பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் பொறுப்பு, கவலை, மாரடைப்பு' என்று அதுவரை உலகம் நம்பிக்கொண்டிருந்தது. கணக்குப் பார்த்தால் தலைகீழ். மேல்மட்ட அதிகாரிகளைவிடக் கடைசிப் படியில் இருந்த பியூன், வாயிற்காப்போர் வகையறாவில் இதயநோய்ச் சாவு சுமார் மூன்று மடங்கு. சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் போகவில்லை. அடுத்து 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு காரணம் பிடிபட்டது. தன் வேலையைத் தான் எப்படிச் செய்வது என்பதில் ஒருவனுக்கு எவ்வளவு சுதந்திரம் குறைவோ, அவ்வளவு ஆபத்து அதிகம்.

வேலை கொல்வதைவிட, வேலையில் கையைக் கட்டிப் போடுவது அதிகம் கொல்கிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

* * *

கொடைக்கானல் ஏரிக்கரையில் அவித்த சோளம் தின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பையன். கழுத்தில் அடையாள அட்டை. முகத்தில் மூன்று நாள் தாடி.

"என்ன தம்பி, டூரா?"

"இல்ல சார், ஆபீஸ். ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் கேம்ப். சனி, ஞாயிறு ரெண்டு நாள்."

"லீவு நாளிலா?"

"ஆமா சார். வராட்டி லாஸ் ஆஃப் பே. தியானத்துக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்து வேற."

"என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

"மூச்சை இழுக்கச் சொன்னாங்க, இழுத்தோம். விடச் சொன்னாங்க, விட்டோம். குளிர்ல நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு ராத்திரி பஸ். நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு ரிவ்யூ மீட்டிங்."

"பஸ்ஸில் தூங்கலாமே?"

"வத்தலகுண்டு வரைக்கும் கொண்டை ஊசி வளைவு. அதுக்கப்புறம் பாஸோட வாட்ஸப்."

"சரி, உனக்கு என்னதான் டென்ஷன்?"

பையன் சோளத்தைக் கீழே வைத்தான். "எங்க டீம்ல ஏழு பேர் சார். மூணு பேர் விட்டுட்டுப் போயிட்டாங்க. ஆள் போடல. ஏழு பேர் வேலையை நாலு பேர் பார்க்கிறோம். அதுக்கு எந்த மூக்கால மூச்சு விடணும்னு கேட்கலாம்னு பார்த்தேன். ஃபீட்பேக் ஃபாரத்துல அதுக்கு இடம் விடல."

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொரு சோளம் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பையன் கேட்டதை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளரும் கேட்டிருக்கிறார். பிரிட்டனில் 233 நிறுவனங்கள், 46,336 ஊழியர்கள். அவர் அலசிய ஆய்வு 2024-ல் வெளிவந்தது. தியான வகுப்பு, மனவலிமைப் பயிற்சி, நிம்மதிக்கான 'ஆப்' என்றெல்லாம் கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள், வாங்கிக்கொள்ளாதவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்ல அநேகமாக எதுவுமே கிடைக்கவில்லை. வேலைப் பளு, நேரம், சம்பளம், நிர்வாகம் இவற்றைத் தொடாமல் ஊழியனை மட்டும் ரிப்பேர் செய்ய முடியாது என்பது சாரம். டயர் பஞ்சரானால் டிரைவருக்குத் தைலம் தடவுகிற கதை!

நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதை 90-க்கு உயர்த்தி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியை எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் பேசியது நாடெங்கும் சிரிப்பாய்ச் சிரித்தது.

நான் கணக்கில் வீக்தான். இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 168 மணி. வேலைக்கு 90 போனால் 78. நாளைக்கு ஏழு மணி தூக்கம் என்றால் 49 போய் 29. சென்னை டிராஃபிக்குக்கு நாளைக்கு இரண்டு மணி வீதம் 14 போய் 15. குளிக்க, சாப்பிட, பல் தேய்க்க, அம்மாவுக்குப் போன் பண்ண, அழுகிற குழந்தையைத் தூக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு மணி சொச்சம். மனைவியைப் பார்க்கும் பிரச்னையே எழாது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து ஒரு கணக்குச் சொன்னார்கள். வாரம் 35-40 மணி வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணிக்கு மேல் போகிறவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். 2016 என்ற ஒரே வருஷத்தில் நீண்ட நேர வேலையோடு சேர்ந்த பக்கவாதத்திலும் இதயநோயிலும் உலகம் முழுக்க இறந்தவர்கள் சுமார் 7,45,000 பேர்.

* * *

அப்படியானால் தியானம் கியானம் எல்லாம் டுபாக்கூரா? அதுதான் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் அதே மலையில் இருக்கிறார்கள்.

கொடைக்கானலுக்குக் கொஞ்சம் முன்னால், மலைப்பாதையில் பெருமாள்மலை. அங்கே 'போதி ஜென்டோ' என்று ஒரு ஜென் தியான மையம் 1996-லிருந்து இருக்கிறது. ஆரம்பித்தவர் ஆமா சாமி. தமிழர், பர்மாவில் பிறந்தவர், ஏசுசபைப் பாதிரியார், ஜென் குரு. நாலும் ஒரே ஆள்தான்! ஜப்பானுக்குப் போய் யமதா கோஉன் என்ற குருவிடம் கற்று, 1982-ல் சொல்லிக் கொடுக்க அனுமதி பெற்றவர். உட்காருகிறார்கள், நடக்கிறார்கள், தோட்ட வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பேசாமல். சர்டிபிகேட்டுக்காகப் போகிற இடமில்லை.

எனக்குச் சுவாரசியம் அந்த ஜப்பான் குரு. யமதா மொட்டை அடித்த துறவி இல்லை. கோட்டுப் போட்ட ஆபீசர்! பெண்டாட்டி பிள்ளை உள்ளவர். டோக்கியோவில் ஒரு மருத்துவ நிலையத்தில் நிர்வாகி. கமகுராவில் வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் தியான மண்டபம். பகலில் ஆபீஸ், மிச்ச நேரத்தில் குரு.

அவருக்கு ஞானம் வந்ததும் இமயமலைக் குகையில் இல்லை. 1953 நவம்பரில் ஒருநாள் மனைவியோடு ரயிலில் வீடு திரும்பும்போது ஒரு புத்தகத்தில் ஒரு வரி படித்தார். அன்று நள்ளிரவு தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து வயிறு குலுங்க ஹா ஹாவென்று சிரித்தார். மனைவி பயந்துபோனார். அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே மகன் நினைத்தானாம். (நம் வீட்டில் என்றால் வேப்பிலை வந்திருக்கும்.) மறுபடி ஆபீஸுக்குப் போனார், அதுதான் முக்கியம். 1989-ல் இறக்கும்வரை உலகெங்குமிருந்து சீடர்கள் வந்தார்கள். தாம்பரம் - பீச் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற அன்பர்களே, நம்பிக்கை இழக்க வேண்டாம்.

ஜென் சொல்லிக் கொடுப்பது அமைதி என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்குப் புரிந்தவரை, சொல்லிக் கொடுப்பது கவனம். அமைதி கூடவே வந்தால் கொசுறு.

தமிழில் 'கவனி' என்பது அபாரமான வார்த்தை. 'கவனிடா' என்று வாத்தியார் சொன்னால் மனசை இங்கே வை என்று அர்த்தம். 'வந்தவங்களைக் கவனி' என்று அம்மா சொன்னால் உபசாரம் பண்ணு என்று அர்த்தம். 'சாரைக் கவனிச்சாத்தான் ஃபைல் நகரும்' என்றால்... அது உங்களுக்கே தெரியும். முதல் அர்த்தத்தைக் கேம்பில் கற்றுக்கொண்டு வருகிற மானேஜர்கள் உண்டு. மூன்றாவது அர்த்தத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நடுவில் உள்ள அர்த்தம்தான் ஆபீஸ்களில் காணாமல் போயிருக்கிறது.

* * *

அது காணாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கொடைக்கானலிலேயே உதாரணம் இருக்கிறது. தமாஷுக்கு இதில் இடமில்லை.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் கம்பெனி. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது 2001-ல் வெளியே வந்தது. ஊர் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது.

தொழிலாளர்கள் உடம்பு கெட்டது என்றார்கள். ஆலையால் யாருடைய உடல்நலமும் கெடவில்லை என்று கம்பெனி கடைசிவரை சொன்னது. சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு. ஒருவழியாக 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லிக் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. ஆலை மூடி 15 வருஷம் ஆகியிருந்தது.

காய்ச்சலைக் கவனிக்கிற கருவியைச் செய்த இடம் அது. அதைச் செய்தவர்களைக் கவனித்தது போதுமா என்ற கேள்வி கோர்ட் ஏற வேண்டியிருந்தது.

ஆபீஸ் டென்ஷனும் பாதரச ஆவி மாதிரிதான். நிறமில்லை, வாசனையில்லை. ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியாது. மூலையில் உட்கார்ந்து மூச்சு விடுகிறவனுக்கு வருஷம் கழித்துத் தெரியும். 'நல்லா மூச்சை இழு' என்று அவனிடம் சொல்வதற்கு முன்னால், ரூமில் என்ன காற்று இருக்கிறது என்று பார்ப்பதுதான் தலைவனின் தியானம்.

* * *

ஜென்னில் பிரதான சமாசாரம் சும்மா உட்காருவது. நம் ஊர் ஜவுளிக்கடைகளில் புடவை பிரித்துக் காட்டும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றபடி. அவர்கள் உட்கார ஒரு இருக்கை போட வேண்டும் என்பதற்கு, தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. கேரளாவில் 2018-ல். ஒரு முதலாளி தன் கடையில் பத்து நிமிஷம் கால் கடுக்க நின்றிருந்தால் சட்டமே தேவைப்பட்டிருக்காது. (அதே சட்டம் 1947-லேயே சாதாரணமாக நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றும் எழுதி வைத்திருக்கிறது. பாஸ் மேஜையில் ஒரு காப்பி வைக்கலாம்.)

'நான் எம்.டி.யா சார்? சாதா டீம் லீடர்' என்பீர்கள். நாலு பேர் மேலே அதிகாரம் இருந்தால் போதும். செலவில்லாத சில காரியங்கள்:

ராத்திரி பதினோரு மணிக்கு யோசனை வந்தால் எழுதி வையுங்கள், அனுப்பாதீர்கள். உங்களுக்கு அது யோசனை, அடுத்தவனுக்கு அது உத்தரவு.

'ஏன் லேட்?' என்பதற்குப் பதில் 'எங்கே மாட்டிக்கிச்சு?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பொய் வரும், இரண்டாவதற்குத் தகவல் வரும்.

எதை எப்போது முடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எந்த வரிசையில் செய்வது என்பதை அவனிடமே விடுங்கள். லண்டன் பியூன்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டத் தோன்றினால், வாயைத் திறக்கும்முன் மூன்று மூச்சு. கேம்பில் கற்றுக்கொண்ட மூச்சை இங்கே செலவு பண்ணலாம்.

ஏழு பேர் வேலையை நாலு பேர் செய்கிறார்கள் என்றால், மேலே போய் ஆள் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வேலையைக் குறையுங்கள். அதுவும் முடியாவிட்டால், முடியவில்லை என்ற உண்மையையாவது டீமிடம் சொல்லுங்கள். பாதி டென்ஷன் அதில் போகும்.

யாராவது திடீரென்று அமைதியாகிவிட்டால் கூப்பிட்டு அனுப்பாதீர்கள். அவன் சீட்டுக்கு நீங்கள் போங்கள். படி குறைவுதான்.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது உதட்டைப் பிதுக்கினார். "எனக்குக் கீழே யாருமே இல்லையேப்பா. நான்தான் கடைசி. நான் யாரைக் கவனிக்கிறது?"

அப்போது மேஜை மேல் டீ வந்தது. நண்பர் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னய்யா இது, டீயா வெந்நீரா?" என்று கத்தினார்.